அலாய் வீல் அரிமானத்தால் ஏற்படும் மெதுவான காற்றுக் கசிவு

அலாய் வீல் அரிமானக் கசிவு என்பது, அலுமினியக் கலவையால் ஆன சக்கரத்தில் டயரின் ஓரம் அமரும் பகுதி அரிக்கப்பட்டு, அந்த இடைவெளி வழியாக டயரிலுள்ள காற்று சிறிது சிறிதாக வெளியேறுவதாகும். டயரில் ஆணி இருக்காது, ஓட்டையும் இருக்காது. பஞ்சர் கடைகளில் இதை 'ரிம் லீக்' அல்லது 'பீடு லீக்' என்பார்கள். வண்டி வைத்திருப்பவர்கள் பொதுவாக 'ஸ்லோ பஞ்சர்' என்று சொல்லிவிடுகிறார்கள். பஞ்சர் என்ற சொல்லே தேடலை டயரின் பக்கம் திருப்பிவிடுவதால், நல்ல டயரைக் கழற்றிப் போட்டுப் புது டயர் வாங்கியவர்கள் உண்டு. புது டயர் போட்ட சில வாரங்களில் மீண்டும் காற்று இறங்கத் தொடங்கும். பழுது டயரில் இல்லை, சக்கரத்தில் இருக்கிறது.

கடலோர ஊர்களில் இந்தக் கசிவு அதிகம். அதிலும் உப்பளங்களை ஒட்டிய சாலைகளில் நாள்தோறும் ஓடும் வண்டிகளுக்கு இது வழக்கமான தொல்லை.

மரக்காணம் கரையின் சூழல்

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம், சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவிலும் புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவிலும் உள்ளது. கிழக்குக் கடற்கரைச் சாலை இங்கே உப்பளங்களின் நடுவே செல்கிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் கழுவெளி ஏரி, இடையில் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி. தை, மாசியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரும் வரை பாத்திகளில் உப்பு விளைகிறது. வாரிய உப்பு சாலையோரம் வெண்குவியலாகக் கிடக்கும். பாத்தி வேலைக்கு வருகிறவர்களின் இருசக்கர வண்டிகள் பகல் முழுவதும் அந்த வரப்புகளின் மேல்தான் நிற்கும்.

இந்த வண்டிகளின் சக்கரத்தில் உப்பு இரண்டு வழிகளில் சேர்கிறது. முதலாவது காற்று. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் உப்போடு கரைக்கு வருகின்றன. இவற்றில் பெரிய துளிகள் கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே படிந்துவிடும். இரண்டாவது தரை. ஈர உப்பு ஏற்றும் இடங்களில் வழியும் நீர், வரப்பின் சேறு, மழைக்காலத்தில் சாலையில் ஏறி நிற்கும் உவர்நீர் ஆகியவை சக்கரத்தின் உட்புறத்தில் தெறித்து ஒட்டிக்கொள்கின்றன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படிப்பட்ட நீரில் ஓட்டி வந்த வண்டியின் வெளிப்புறம் அடுத்த மழையில் கழுவப்பட்டுவிடும். ரிம்மின் உள்பக்கத்தை மழை எட்டுவதில்லை.

உப்பு காய்ந்துவிட்டால் தீங்கு செய்யாது என்று நினைப்பது தவறு. சாதாரண உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடற்கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டுகிறது. உப்பை வாரியெடுத்த பின் பாத்தியில் மிஞ்சும் கசப்புநீரில் உள்ள மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசமானது. அது 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும். பாத்திச் சேறு படிந்த சக்கரம் நடுப்பகலிலும் முழுதாகக் காயாமல் இருப்பதற்கு இதுவே காரணம். வண்டி நிற்கும் நேரத்திலும் அரிமானம் நடந்துகொண்டே இருக்கும்.

உலோகங்களின் அரிமானம் பற்றிய ஆய்வில் தமிழ்நாட்டுக்கு நீண்ட தொடர்பு உண்டு. 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து அவை தேயும் வேகத்தை அளந்திருக்கிறது. இந்தியாவின் அரிமான வரைபடத்தை உருவாக்கியதும் அந்நிறுவனமே.

அலுமினியம் ஏன் அரிக்கிறது

'அலுமினியம் துருப்பிடிக்காது' என்பது பாதி உண்மை. துரு என்பது இரும்பின் ஆக்சைடு. அது அலுமினியத்தில் வராது. அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலத்தை அமைத்துக்கொள்கிறது. உள்ளே உள்ள உலோகத்தைக் காப்பது அந்தப் படலம்தான். அது நிலையாக இருப்பது ஏறத்தாழ 4 முதல் 8.5 வரையிலான பிஎச் அளவில் மட்டுமே. கடும் அமிலமும் காரமும் அதைக் கரைத்துவிடும். குளோரைடு அயனி இன்னொரு விதத்தில் வேலை செய்கிறது. படலத்தில் பலவீனமான ஒரு புள்ளியைப் பிடித்து அங்கே துளைக்கிறது. துளைக்குள் அமிலத்தன்மை கூடுவதால் குழி மேலும் ஆழமாகிறது. இது குழி அரிமானம். மேற்பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல் நெளிந்து பரவுவது இழை அரிமானம்.

இரண்டிலும் கடைசியில் கிடைப்பது வெண்மையான மாவு. அது அலுமினியத்தின் ஹைட்ராக்சைடும் ஆக்சைடும் கலந்த பொருள். அரிக்கப்பட்ட உலோகத்தைவிட அது அதிக இடத்தை அடைப்பதால் பெயின்ட்டைத் தூக்கிவிடுகிறது. டயரின் ஓரத்தையும் மயிரிழை அளவு விலக்கிவிடுகிறது.

டியூப் இல்லாத டயரில் காற்றை அடைத்து வைப்பது அந்த ஓரம்தான். அதற்குள் எஃகுக் கம்பிகள் வளையமாக ஓடுகின்றன. இதுவே பீடு. ரிம்மில் சற்றே சரிவாக அமைந்த பட்டையில் பீடு இறுக்கமாக உட்காருகிறது. உள்ளே இருக்கும் காற்றழுத்தமே அதை வெளிப்பக்கமாகத் தள்ளி ரிம்மோடு ஒட்டவைக்கிறது. தனியாக வாஷரோ பசையோ கிடையாது. ரப்பரும் வழவழப்பான உலோகமும் நேராகத் தொட்டுக்கொள்வதால் மட்டுமே காற்று நிற்கிறது. அந்தத் தொடுகை நடுவே துகள் நிறைந்த மாவு புகுந்தால் காற்றுக்கு வழி கிடைத்துவிடும்.

அரிமானம் தொடங்குவதற்குப் பெயின்ட் எங்காவது உடைய வேண்டும். அதைப் பல நேரம் நாமே உடைக்கிறோம். பஞ்சர் ஒட்ட டயரைக் கழற்றும்போது இரும்பு லீவரை ரிம்மின் மேல் சாய்த்து நெம்பினால் பீடு அமரும் இடத்திலேயே கீறல் விழும். சக்கரத்தைச் சமன்செய்ய விளிம்பில் அடித்துச் செருகும் எடைக்கட்டிகளின் எஃகுக் கவ்வியும் அதே வேலையைச் செய்கிறது. அதோடு எஃகும் அலுமினியமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு சிறு மின்கலம் உருவாகி அலுமினியம் கரையத் தொடங்கும். பத்தாம் வகுப்பில் படித்த உலோக வினைத்திறன் வரிசை இங்கே சக்கரத்தில் வேலை செய்கிறது. டயர் அழுத்த உணரி உள்ள வண்டிகளில் வால்வின் தண்டு அலுமினியமாக இருக்கும். அதற்குள் சாதாரணப் பித்தளைப் பின்னைப் போட்டுவிட்டால் இரண்டும் கடித்துக்கொண்டு கழற்ற முடியாமல் போகும். நிக்கல் பூசிய பின் போட வேண்டும் என்பது இதனால்தான்.

பனிப்பொழிவு நாடுகளிலும் இதே பழுது வருகிறது. அங்கே உப்பு கடலிலிருந்து வருவதில்லை. குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் கொட்டப்படுகிறது. அலுமினியச் சக்கரங்களின் பீடு அரிமானக் கசிவு பற்றி அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பணிமனைகளுக்குச் சேவைக் குறிப்பே அனுப்பியது. பீடு அமரும் இடத்தைச் சுத்தம் செய்து சமப்படுத்துவதே அது சொன்ன தீர்வு.

அடையாளம் காணுதல்

பழுதில்லாத டயரும் மாதத்துக்கு ஒன்று இரண்டு பிஎஸ்ஐ இழக்கும். காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 5.5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறையும். ஆகவே வெயிலில் ஓடி வந்த டயரை ஒரு நாளும், விடியற்காலையில் குளிர்ந்த டயரை இன்னொரு நாளும் அளந்துவிட்டுக் கசிவு என்று முடிவு செய்யக் கூடாது. நான்கு டயர்களையும் ஒரே வேளையில், வண்டியை எடுக்கும் முன் அளக்க வேண்டும். மற்ற மூன்றும் நிற்க, ஒன்று மட்டும் வாரத்துக்கு மூன்று நான்கு பிஎஸ்ஐ இறங்கினால் அது கசிவு.

இவ்வளவு மெதுவாக இறங்குவதில்தான் ஆபத்து இருக்கிறது. 33 பிஎஸ்ஐ நிரப்பிய டயர் இரண்டு நாளுக்கு ஒன்று வீதம் இறங்கினால் இரண்டே வாரத்தில் 26க்கு வந்துவிடும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. கண்ணுக்கு டயர் இயல்பாகவே தெரியும். அந்த நிலையில் சித்திரை வெயிலில் குடும்பத்தோடும் சாமான்களோடும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கும். மடங்க மடங்கச் சூடேறும். சூட்டில் உள் அடுக்குகள் பிரிந்து டயர் வெடிக்கும். 'டயர் வெடித்து விபத்து' என்ற செய்திக்குப் பின்னால் டயரின் வயதோ ஆணியோ மட்டுமே இருப்பதில்லை.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சோப்பு நுரை போதும். சக்கரத்தைக் கழற்றி, சரியான அழுத்தம் நிரப்பி, சோப்புநீரை இரு பக்க விளிம்பிலும் வால்வின் அடியிலும் தடவிப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது முக்கியம். ஆணிக் கசிவு உடனே கொப்பளிக்கும். ரிம் கசிவில் கடுகளவு நுரை மெல்லத் திரளும். வண்டியிலேயே வைத்து வெளிப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கிறது. உப்பும் ஈரமும் தங்குவது உள்பக்க விளிம்பில் என்பதால் அங்கே பார்க்காத சோதனை பாதிச் சோதனைதான். நுரை விளிம்பை ஒட்டி ஒரு கோடாக வந்தால் பீடு கசிவு. வால்வைச் சுற்றி வந்தால் வால்வு ரப்பர். சக்கரத்தின் நடுவில், கம்பிபோல் விரியும் கைகளின் அருகே உலோகத்திலிருந்தே நுரை வந்தால் அது வார்ப்பின் நுண்துளை அல்லது விரிசல். விரிசல் என்றால் இந்தக் கட்டுரையில் சொல்லும் பழுதுநீக்கம் பொருந்தாது.

டயரைக் கழற்றும் முன் வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடும், நுரை வந்த இடத்தில் ரிம்மிலும் டயரிலும் இன்னொரு கோடும் போட்டு வைப்பது நல்லது. கழற்றிய பின் எங்கே பார்ப்பது என்று தேட வேண்டியிராது.

சரிசெய்யும் முறை

வால்வுப் பின்னைக் கழற்றிக் காற்று முழுவதும் போன பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். டயரைப் பிரிக்க இயந்திரம் உள்ள கடையே நல்லது. லீவர்தான் இருக்கிறது என்றால் ரிம்முக்கும் லீவருக்கும் நடுவே தடித்த பிளாஸ்டிக் காப்பு வைக்கச் சொல்ல வேண்டும். டயரை எடுத்ததும் பீடு அமர்ந்திருந்த வளையத்தில் வெண்மாவும், உரிந்த பெயின்ட்டும், சில இடங்களில் குழிகளும் தெரியும்.

தளர்ந்த பெயின்ட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துவிட்டு, நைலான் உரசு பட்டையால் மாவைத் தேய்க்க வேண்டும். குழி இருந்தால் 80 முதல் 120 எண் வரையிலான உப்புத்தாள், பிறகு அதைவிட மென்மையான தாள். உப்புக்கு எதிரான வேலையை உப்புத்தாளால் செய்வது தமிழின் வேடிக்கை. தேய்க்கும் திசை முக்கியம். சக்கரத்தின் சுற்றுப்பாட்டின் வழியே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கோடும் உள்ளிருந்து வெளியே காற்றுப் போக ஒரு வாய்க்காலாகிவிடும். சாதாரண இரும்புக் கம்பி பிரஷ் கூடாது. அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து புதிய அரிமானத்துக்கு விதையாகும். கிரைண்டரும் கூடாது. பீடு அமரும் பட்டையின் விட்டம் குறைந்தால் டயர் இறுக்கமாக உட்காராது. மாவு போக வேண்டும், உலோகம் இருக்க வேண்டும்.

அடுத்த படியைத்தான் பெரும்பாலான கடைகளில் விட்டுவிடுகிறார்கள். தேய்த்த இடத்தை நல்ல தண்ணீரால் மூன்று நான்கு முறை பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணுக்குத் தெரியும் மாவு போய்விட்டாலும் குழிகளுக்குள் குளோரைடு தங்கியிருக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் அடியில் அரிமானம் தொடரும். கடலோர ஊர்களில் 'நல்ல தண்ணீர்' என்ற சொல்லுக்குக் கூடுதல் பொருள் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் இடத்தில் அதைக்கொண்டு கழுவுவது உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதாகும். குடிக்கும் நீரில் ஒரு குடம் போதும். டயரை அமுக்கிப் பார்க்கும் தொட்டி நீரையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பல மாதம் மாற்றாத தொட்டியில் எத்தனை சக்கரங்களின் உப்பு கரைந்திருக்கும்!

மேல்நிலை வேதியியல் மாணவர்கள் இதைச் சோதித்தே பார்க்கலாம். கழுவிய இடத்தில் காய்ச்சி வடித்த நீரைச் சிறிது ஊற்றி வழித்தெடுத்து, அதில் நைட்ரிக் அமிலத்தில் ஒரு சொட்டும் வெள்ளி நைட்ரேட்டில் சில சொட்டும் விட்டால், பால்போல் வெண்மையாகத் திரண்டால் குளோரைடு இன்னும் இருக்கிறது. குழாய் நீரில் இந்தச் சோதனை பயன்படாது, அதிலேயே குளோரைடு உண்டு.

நன்றாகக் காய்ந்த பின், வெற்று உலோகம் தெரியும் இடங்களில் அலுமினியத்துக்கான பிரைமரை மெல்லிய ஒரே பூச்சாக அடித்து முழுதாக உலரவிட வேண்டும். தடிமனாக அடித்தால் பீடு அழுத்தும்போது அது உரிந்து அடுத்த கசிவுக்கு வழியாகும். கடைகளில் கிடைக்கும் கறுப்பு நிற பீடு சீலரை மீதமுள்ள சிறு குழிகளை நிரப்ப மெல்லியதாகத் தடவலாம். மாவைத் தேய்க்காமல், கழுவாமல், சீலரை மட்டும் பூசி அனுப்புவது சில மாதத் தீர்வு. அடியில் அரிக்கிறது, மேலே மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

டயரின் பீடையும் துடைக்க வேண்டும். பழைய மாவு ரப்பரில் ஒட்டியிருக்கும். ரப்பர் வால்வாக இருந்தால் இந்தச் சமயத்தில் புதிது போட்டுவிடுவது மேல். டயர் ஏற்ற இதற்கென உள்ள பேஸ்ட் தடவ வேண்டும். கிரீஸும் எஞ்சின் ஆயிலும் ரப்பரைக் கெடுக்கும். துணிசோப்புத் தூள் கரைசல் காரத்தன்மை உடையது. சோதனைக்குத் தடவினால் கழுவிவிட வேண்டும். உள்ளே விட்டு டயரை மூடக் கூடாது. காற்று நிரப்பும்போது பீடு இரு பக்கமும் 'டப்' என்ற ஓசையோடு தன் இடத்தில் ஏறும். கார் டயரில் 40 பிஎஸ்ஐ வரை ஏறாவிட்டால் மேலும் நிரப்பாமல், காற்றை விட்டுவிட்டு மறுபடி பேஸ்ட் தடவ வேண்டும். பிறகு சோப்பு நுரைச் சோதனை, சக்கரச் சமன்பாடு. எடைக்கட்டி விளிம்பில் அடிப்பதாக இல்லாமல் உள்ளே ஒட்டும் வகையாக இருக்கட்டும். மறுநாள் காலை அழுத்தத்தை அளந்து எழுதி வைத்து, ஒரு வாரம் கழித்து ஒப்பிட்டால் வேலை நன்றா என்று தெரிந்துவிடும்.

குறுக்கு வழிகள்

டயருக்குள் ஊற்றும் பஞ்சர் திரவம் ஆணி ஓட்டைக்காக உருவானது. சக்கரம் சுழலும்போது அது மையத்திலிருந்து விலகி டயரின் தரை தொடும் பகுதியில் போய்ப் படியும். பீடு ஓரத்தில் அது நிற்காது. 2020இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபின், டியூப்லெஸ் டயரும் அழுத்த உணரியும் பழுதுநீக்கும் பெட்டியும் உள்ள சிறு வண்டிகள் ஸ்டெப்னி இல்லாமலே வர அனுமதி உண்டு. அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர், அந்தப் பெட்டியிலுள்ள திரவம் ரிம் கசிவுக்கு உதவாது என்பதை வழியில் நிற்கும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இருசக்கர வண்டிகளில் டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டுக் கொடுப்பது பரவலான வழக்கம். கையில் பணமில்லாத நாளில் ஊர் போய்ச் சேர இது உதவும், குறை சொல்ல முடியாது. ஆனால் அரித்த ரிம்மின் சொரசொரப்பு டியூபை உரசும். டியூப் கிழிந்தால் காற்று மெதுவாக இறங்காது, ஒரேயடியாகப் போகும். உப்பு வரப்பில் ஓட்டும்போது அது வெறும் சிரமம். நெடுஞ்சாலையில் அது வேறு கதை.

சக்கரத்தைப் பளபளக்க வைக்கக் கழிவறை ஆசிட் ஊற்றித் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். படலத்தைக் கரைக்கும் அமிலமும் குழி தோண்டும் குளோரைடும் ஒரே பாட்டிலில் வருகின்றன.

குழி ஆழமாகி பீடு பட்டையின் வடிவமே மாறிவிட்டாலோ, விளிம்பு பள்ளத்தில் மோதி வளைந்திருந்தாலோ, விரிசல் இருந்தாலோ சக்கரத்தை மாற்றுவதே வழி. இந்த வார்ப்புகள் வெப்பப் பதம் கொடுத்து வலுவேற்றப்பட்டவை. பற்றவைக்கும் சூட்டில் அந்தப் பதம் சுற்றுவட்டத்தில் போய்விடும். பற்றவைத்த இடம் காற்றை நிறுத்தலாம், பாரத்தை எவ்வளவு தாங்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. உப்பு லாரிகள் பலவற்றில் இன்றும் இரும்பு ரிம் இருக்கிறது. அதில் துரு வெளிப்படையாகத் தெரியும், தட்டினால் உதிரும். அலாய் வீலில் பெயின்ட் பளிச்சென்று இருக்கும்போதே டயருக்கு அடியில் வேலை நடந்துகொண்டிருக்கும்.

வாரம் ஒருமுறை

மழைக்காலத்தைவிடக் கோடையே சக்கரத்துக்குக் கெடுதல். படிந்ததைக் கழுவ மழை இல்லை, ஈரமாக்க இரவுப் பனி உண்டு. உப்பளப் பகுதியில் ஓடும் வண்டிக்கு வாரம் ஒருமுறை சக்கரத்தின் உள்பக்கத்தில் நல்ல தண்ணீர் பாய்ச்சினால் போதும். ஒரு வாளி, ஒரு பழைய பிரஷ். வால்வு மூடி தொலைந்திருந்தால் அன்றே வாங்கிப் போட வேண்டும். சிறு ஆணி பஞ்சருக்கு டயரைக் கழற்றாமல் வெளியிலிருந்தே நார் செருகி அடைக்க முடியுமானால் அதுவே மேல், ரிம்மில் லீவர் படாது. டயர் தேய்ந்து புதிது மாற்றும் நாளில், பழைய டயர் இறங்கிய பின் புதியதை ஏற்றும் முன், அந்தப் பட்டையை ஒருமுறை பார்த்துத் துடைக்கச் சொல்லலாம். சக்கரத்தின் அந்தப் பகுதி வெளிச்சத்தைப் பார்ப்பது அந்த ஒரு நாள்தான்.